ஐந்தேகால் மணிப் படுக்கை

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் அத்தானின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சக்கர நாற்காலியிலேயே இருந்து முதுகில் புண் ஏதும் வரவில்லையே? போனில் கேட்கலாம்தான். ஆனால் என் இடது காது போனதிலிருந்து உன் குரல் தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் கேட்கிறது. அதோடு போனில் நீ "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. காகிதத்தில் கொஞ்சம் கூடப் பேசுவாய்.

ஒரு நல்ல செய்தி. வீட்டுக்கு உதவியாள் வேண்டும் என்று எங்கள் பகுதியில் காத்திருந்தவர்கள் 212 பேர். இப்போது ஒருவர்கூட இல்லை. எப்படித் தெரியுமா? சாயங்காலம் சாப்பாடு கொடுக்க ஒருமுறை, படுக்க வைக்க இன்னொருமுறை என்று உதவியாளர்கள் ஒரே வீட்டுக்கு இரண்டு நடை போய்க்கொண்டிருந்தார்கள். நான் இரண்டையும் ஒரே நடையாக்கினேன். அவ்வளவுதான்! மிச்சமான நேரத்தில் 212 பேரும் அடங்கிவிட்டார்கள். இயக்குநர் என் மேசைக்கே வந்து கை கொடுத்தார். முப்பது வருட நலத்துறை வேலையில் இது முதல் தடவை.

மார்ச் முதல் இதே திட்டம் எல்லா ஊர்களுக்கும் வருகிறது, உன் ஊருக்கும்தான். காலையில் வரும் ஆளை வைத்துக்கொண்டு, ராத்திரிக்கு யாருடைய முதுகை உடைக்கலாம் என்று நீ பார்த்துக்கொண்டிருந்தது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

---

ஜனவரி 27

ஆபீசர் அக்காவுக்கு, பஸ் டிப்போவின் முன்னாள் டைம் கீப்பர் வணக்கத்துடன் எழுதுவது.

நலம். புண் இல்லை. அத்தானின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைக் கண்டக்டரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா எங்க டிப்போல இருந்திருந்தா ஒரு பஸ்ஸுகூட கேன்சல் ஆயிருக்காதுடா" என்றான். அவன் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம், பத்திரமாக வைத்துக்கொள். வழக்கம்போல எட்டு மணிக்கு வருகிறான், செஸ் ஆடுகிறோம், தோற்கிறான், சண்டை போடுகிறான். பத்து மணிக்கு மாடியில் இருக்கும் தையல்காரரும் அவனும் என்னை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் படுக்க வைக்கிறார்கள்.

ஆனால் உன் திட்டம் சரியான நேரத்துக்குத்தான் வருகிறது. கண்டக்டருக்குக் குடலிறக்கம், அடுத்த வாரம் ஆப்பரேஷன். ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நான் ஒரு வாளியைவிடக் கொஞ்சம் கனம்தான். தையல்காரர் ஒற்றை ஆளாக என்ன செய்வார்? ஏழு மாதமாகக் காத்திருப்போர் பட்டியலில் கிடக்கிறேன், 63ஆவது ஆள். என்னையும் ஏற்றிக்கொள்ளும் வண்டியை நீயே ஓட்டி வருகிறாய் என்று நினைக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது.

இந்த நீல மை எப்படி? புதுப் புட்டி.

அன்புடன்,
தம்பி

---

மார்ச் 20

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம், நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு பேர் ஜோடியாக வருகிறார்கள். மூத்தவளுக்கு நான் வைத்த பெயர் புயல். கதவைத் திறந்தால் காலண்டர் பறக்கும். சாப்பாடு, உடம்பு துடைப்பு, உடை மாற்றுவது, படுக்கைக்கு மாற்றுவது எல்லாம் பத்தொன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், பழக்கம் விடுமா? ஆனால் கை மென்மையானது. இரண்டு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. இதை உன் இயக்குநரிடம் சொல்லலாம்.

வேறு விசேஷம் இல்லை. நல்ல வெளிச்சம் இருக்கிறது, விளக்குப் போடாமலே எழுதுகிறேன். பென்சிலுக்கு மன்னிக்கவும்.

தம்பி

---

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே சுகம். உன் கடிதத்தை அத்தான் இரண்டு முறை படித்தார், நான் நாலு முறை.

"இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை" என்ற வரியைக் கூட்டத்தில் வாசித்தேன். எழுதியது யார் என்று சொல்லவில்லை, "ஒரு பயனாளி" என்றேன். அறையே கை தட்டியது. மற்ற ஊர்களிலிருந்து வந்தவர்கள் திட்டத்தைப் படி எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வயதில் கொஞ்சம் ஆடிக்கொள்கிறேன், திட்டாதே.

அதிருக்கட்டும், ஏன் பென்சில்? பள்ளிக்கூடத்தில் நான் உன் பேனாவைத் தொட்டதற்கு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நீ. புதுப் புட்டி மை என்ன ஆயிற்று?

கண்டக்டருக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததா? நீ எழுதவே இல்லையே. ஜூனில் ஒரு வாரம் லீவு போட்டு வரலாம் என்றிருக்கிறேன்.

பதில் போடு.

அக்கா

---

மே 6

அக்காவுக்கு,

இருவரும் நலமா? நான் நலம்.

பதில் தாமதம். பேனா முள் வளைந்துவிட்டது. பென்சிலும் எழுதத்தானே செய்கிறது?

கண்டக்டர் தேறிவிட்டான். அவனுக்கு வேலை அதிகம், இப்போதெல்லாம் வருவதில்லை. செஸ் பெட்டி அலமாரிமேல் இருக்கிறது.

கூரையில் ஒரு விரிசல் இருப்பதைப் பார்த்தேன். பழைய எட்டாம் நம்பர் ரூட் மாதிரியே இருக்கிறது. மார்க்கெட் திருப்பம், ஆஸ்பத்திரி, ரயில்வே கேட் எல்லாம் அச்சாக இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஆறரை மணிக்கு அம்மாக்கள் ஒவ்வொருத்தராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறார்கள். எந்த அம்மாவின் குரல் எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜூனில் வராதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், உனக்குத் தும்மல் வரும்.

தம்பி

---

ஜூன் 1

தம்பி,

நலம் விசாரிக்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்று எழுதுவாய்.

போன வாரம் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பயப்படாதே, இப்போது நடக்கிறேன். மூன்று நாள் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும் என்றார் டாக்டர். அவசரக் கோப்பு ஒன்று வீட்டுக்கு வந்தது. அட்டையை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போனேன். முதல் எழுத்து விழுந்தது. அடுத்தது மங்கியது, அப்புறம் பேனா எழுதவே இல்லை. உதறினேன், கிறுக்கினேன், வேறு பேனா கேட்டேன், அதுவும் அப்படித்தான். பேனாவை மேல்நோக்கிப் பிடித்தால் மை எப்படி இறங்கும்? அத்தான்தான் சொன்னார், "பென்சில்ல போடேன், படுத்துக்கிட்டு எழுதறதுக்கு அதான் சரி."

அவர் பென்சிலைக் கொண்டுவந்து தந்தார். வாங்கினேன், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதங்களை எடுத்துவரச் சொன்னேன்.

விளக்குப் போடாமல் நல்ல வெளிச்சத்தில் எழுதுகிறாய். பென்சிலில் எழுதுகிறாய். கூரையைப் பார்க்கிறாய். ஆறரை மணிக்குத் தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கவில்லை, கேட்கிறாய்.

ஒரே ஒரு கேள்வி. சுற்றி வளைக்காமல் பதில் வேண்டும். உன்னை எத்தனை மணிக்குப் படுக்க வைக்கிறார்கள்?

அக்கா

---

ஜூலை 8

அக்கா,

ஐந்தேகாலுக்கு.

ஐந்து வாரமாக இந்த ஒரு வார்த்தையை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதியாயிற்று, இனி மற்றதும் வரும்.

நாலு ஜோடி உதவியாளர்கள் இங்கே 41 வீடுகளுக்குப் போகிறார்கள். நாலு மணிக்குத் தொடங்கி ஏழேகாலுக்கு முடிக்கிறார்கள். சாப்பாடும் படுக்கையும் ஒரே நடை என்பதால், சாப்பாடு வரும் நேரம்தான் படுக்கும் நேரம். நான் அவர்களுடைய நடையில் நாலாவது வீடு. ஐந்தேகாலுக்குப் படுக்கிறேன். காலையில் ஆள் வருவது ஏழு நாற்பதுக்கு. பதினாலு மணி இருபத்தைந்து நிமிடம். அந்த நேரத்தைக் கழிக்கத்தான் உனக்குக் கடிதமும் படுத்தபடியே எழுதினேன். படுத்தபின் இரண்டு தலையணை உயரத்துக்குமேல் என்னால் எழும்ப முடியாது என்பது உனக்குத் தெரியும். ஜன்னலில் வெயில் இருக்கும்போதே புயல் என் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். திரும்பவும் போட்டுவிடச் சொல்வேன். "எதுக்கு சார், தூங்கத்தானே போறீங்க?" என்று முதல் நாள் கேட்டாள். இப்போது கேட்பதில்லை, அவளே போட்டுவிடுகிறாள்.

கண்டக்டரைப் பற்றிப் பொய் சொன்னேன். அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. முதல் வாரம் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தான், அவனிடம் சாவி இருக்கிறது. நான் மாற்றுடையில், மூத்திரப் பை தொங்க, போர்வைக்குள் கிடந்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பலகையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் ஒரு பை பழம் வாங்கி வந்தான். முப்பது வருடத்தில் அவன் என்னிடமிருந்து டீ பிடுங்கிக் குடித்திருக்கிறானே தவிர, ஒரு பழம் வாங்கி வந்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவன் மாதிரி பையை வைத்துவிட்டு, "இப்போ எப்படிடா இருக்கு?" என்று மெல்லிய குரலில் கேட்டான். அக்கா, எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "இனிமே வராதடா" என்று சொல்லிவிட்டேன். அவனும் வரவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ கேட்கும் முன் நானே கேட்டுக்கொண்டேன். 212 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. நிறைந்த பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தவன், ஜன்னல் பக்கம் இல்லையே என்று முனகக் கூடாது. டிப்போவில் அப்படி முனகியவர்களை எனக்குப் பிடிக்காது. இயக்குநர் உன் மேசைக்கு வந்து கை கொடுத்ததை எழுதியிருந்தாயே, அந்தக் கையை நான் தட்டிவிட மாட்டேன் என்று நினைத்தேன். அதுதான் நிஜமான காரணம்.

நீ வருத்தப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. இடுப்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

---

ஜூலை 17

என் தம்பிக்கு,

அழுதேன். அதை எழுதிவிட்டு மேலே போகிறேன், அழுகைக்கு ஒரு வரி போதும்.

நேற்று ஐந்தேகாலுக்குப் படுத்தேன். அத்தானிடம் என்னைத் தொட வேண்டாம், பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு மல்லாந்து கிடந்தேன். எழுந்து போகக் கால்கள் இருக்கின்றன என்று தெரிந்துமே ஒன்றரை மணி நேரம்தான் தாங்கினேன். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். அத்தான் பத்திரிகையைத் திருப்பும் சத்தம் கேட்டது. உலகம் முழுக்க விழித்திருக்க, என்னை மட்டும் மூடி வைத்த மாதிரி இருந்தது. இதை நான் உனக்குச் செய்திருக்கிறேன். உனக்கு மட்டுமா? எத்தனை ஊர்களுக்குப் படி எடுத்துக் கொடுத்தேன்!

உன்மேலும் கோபம் இருக்கிறது. நீ எழுதிய ஒரு வரியை நான் கூட்டத்தில் வாசித்துக் கைதட்டு வாங்கினேன். எழுதாமல் விட்ட வரியை எழுதியிருந்தால் மார்ச்சிலேயே நிறுத்தியிருப்பேன். என் பெருமையைக் காப்பாற்ற உன்னை யார் கேட்டது? அடுத்த தடவை இப்படிச் செய்தாயானால் வந்து காதைத் திருகுவேன். உனக்கு ஐம்பத்திநாலு வயது என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

இப்போது வேலைக்கு வருகிறேன். பழையபடி இரண்டு நடையாக்கினால் காத்திருப்போர் பட்டியல் திரும்ப வந்துவிடும். யாரையோ வெளியே தள்ளி உனக்குப் பத்து மணி வாங்கித் தர முடியாது, நீயும் வாங்கிக்கொள்ள மாட்டாய். இன்னும் ஆள் கேட்டால் கிடைக்காது. நாலு நாளாகக் காகிதத்தில் கோடு போட்டுப் போட்டு அழிக்கிறேன், எனக்கு வரவில்லை.

ஆனால் இருக்கிற பஸ்ஸையும் இருக்கிற ஆட்களையும் வைத்துக்கொண்டு, முதல் டிரிப்பிலிருந்து கடைசி டிரிப்வரை ஓட்டிக்காட்டிய ஒருவன் என் குடும்பத்திலேயே இருக்கிறான். முப்பது வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினான். டைம் கீப்பர் ஐயா, எனக்கு ஒரு அட்டவணை வேண்டும். இது அக்காவின் ஆறுதல் பேச்சு இல்லை, நலத்துறையின் வேண்டுகோள்.

ஒரு நிபந்தனை. கண்டக்டரைக் கூப்பிடு.

அக்கா

---

ஆகஸ்ட் 14

நலத்துறைக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

கண்டக்டருக்குத் தையல்காரர் மூலம் சொல்லியனுப்பினேன். அரை மணியில் வந்துவிட்டான். வாசலிலேயே நின்றுகொண்டு, "பழம் வாங்கல. உள்ள வரலாமா?" என்றான். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

உதவி கேட்பவர்கள் நிரப்பித் தரும் உன் துறைப் படிவத்தை இருவரும் உட்கார்ந்து படித்தோம். அவன் உட்கார்ந்தான், நான் படுத்திருந்தேன். முப்பத்திநாலு கேள்வி இருக்கிறது. தானாகச் சாப்பிடுவாரா, தானாக உடுத்துவாரா, படுக்க உதவி தேவையா என்று எல்லாம் இருக்கிறது. கண்டக்டர் கடைசிவரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, பஸ்ல ஏறினவன்கிட்ட எங்க இறங்கணும்னு கேக்காம எப்படிடா டிக்கெட் கிழிக்கறது?" என்றான். அக்கா, எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும் என்ற கேள்வியே உன் படிவத்தில் இல்லை.

அவனே கேட்கப் போனான். யார் யார் வீடு என்று அலுவலகம் சொல்லாது என்பதால், புயல் முதலில் ஒவ்வொரு வீட்டிலும் அனுமதி கேட்டு வைத்தாள். கண்டக்டர் தோளில் பழைய பையை மாட்டிக்கொண்டு, பதினோரு நாளில் நாற்பத்தொரு வீட்டுக்கும் போனான். எல்லோரும் ராத்திரி பத்து கேட்பார்கள் என்று நினைத்தேன். இல்லை! ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், "நாலு மணிக்கே படுக்க வெச்சாக்கூட சந்தோஷம், முதுகு வலிக்குது, படுத்துக்கிட்டே ரேடியோ கேப்பேன்" என்றாராம். ஓர் அம்மாவின் கணவருக்கு ஒன்பது மணிக்குத்தான் ஷிப்ட் முடிகிறது. அவர் வரும்போது அந்த அம்மா இருட்டில் படுத்திருக்கிறார், மனிதர் தனியாகச் சமையலறையில் நின்றுகொண்டு சாப்பிடுகிறார். அந்த அம்மா கேட்டது பத்து மணி. இன்னொருவர் பதிலே சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன், நாளைக்கு வாங்க" என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். மூன்றாம் நாள் கண்டக்டரை உட்காரவைத்து, "எட்டரைன்னு போடுங்க. இல்ல, ஒம்பது" என்றாராம். அவரை யாரும் எதுவும் கேட்டு எத்தனை காலமாயிற்றோ!

கணக்கு இப்படி விழுகிறது. ஏழரைக்குள் படுக்கச் சம்மதிப்பவர்கள் 21 பேர். எட்டுக்குமேல் கேட்பவர்கள் 20 பேர். கிட்டத்தட்டச் சரிபாதி. ஆகவே இருக்கிற நாலு ஜோடியில் இரண்டு ஜோடி மாலை நடையாக நாலு மணிமுதல் ஏழரைவரை. மற்ற இரண்டு ஜோடி கடைசி நடையாக எட்டுமுதல் பதினொன்றுவரை. ஒரு ஆள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கடைசி நடையில் படுப்பவர்களின் சாப்பாட்டை மதியச் சாப்பாட்டுக்கு வரும் ஆள் மூடி வைத்துவிட்டுப் போனால் போதும், இருபது பேரில் பதினெட்டுப் பேர் தாங்களே சாப்பிடுவார்கள். மற்ற இருவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறது. நேரம் பிந்தி வேலை முடிப்பவர்கள் வீடு திரும்ப வண்டி வேண்டும். இங்குள்ள உன் துறை வண்டிகள் ஏழரைக்குமேல் ஷெட்டில் சும்மா நிற்கின்றன. டிப்போக்காரன் கண்ணுக்கு அது முதலில் படும்.

உதவியாளர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று நீ கேட்பாய். நானும் பயந்தேன். கடைசி நடைக்கு நாலு பேர்தான் வேண்டும், ஐந்து பேர் கை தூக்கினார்கள். அதில் முதல் கை புயலுடையது. "சாயங்காலம் எங்க பசங்க ஸ்கூல்லேர்ந்து வர்றப்ப நான் யார் வீட்டிலயோ இருக்கேன் சார். இப்படின்னா அவங்களுக்குச் சாப்பாடு போட்டுட்டு, அவங்கப்பா வந்ததும் கிளம்பிடுவேன்" என்றாள். அவளையும் யாரும் கேட்டதில்லை.

அட்டவணை இத்துடன். ஒவ்வொரு வீட்டுக்கும் நிமிடம் போட்டிருக்கிறேன். மூன்று ராத்திரி இதே நினைப்புத்தான். பதினாலு மணி நேரத்துக்கு முதல் தடவையாக ஒரு உபயோகம் கிடைத்தது.

தம்பி

பி.கு.: வெள்ளையடிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் வா.

---

செப்டம்பர் 9

அன்பான டைம் கீப்பருக்கு,

நலம், நலம், நலம். நீயும் அப்படியே இரு.

நேற்றுக் கூட்டம். முதலில் எழுந்து, திட்டத்தில் தவறு செய்தவள் நான் என்று சொன்னேன். பிறகு உன் ஜூலைக் கடிதத்தின் முதல் வார்த்தையை வாசித்தேன். ஏப்ரலில் ஒரு பயனாளியின் வரியை வாசித்தேனே, இதுவும் அவர் எழுதியதுதான், அவர் என் தம்பி என்றேன். மன்னித்துக்கொள், உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

நிர்வாகப் பிரிவுக்காரருக்கு மூக்கின்மேல் கோபம். "ஆளுக்கொரு நேரம் கேட்டா எப்படிம்மா? இது என்ன ஹோட்டலா?" என்றார்.

"இல்ல சார், அவங்க வீடு" என்றேன்.

இயக்குநர் உன் அட்டவணையை ஒரு மணி நேரம் பார்த்தார். எங்காவது ஓட்டை இருக்கும் என்று தேடினார். "வண்டி பஞ்சரானா?" என்று கேட்டார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன், பஞ்சருக்கும் நீ ஒதுக்கியிருந்த பன்னிரண்டு நிமிடம் அங்கே இருந்தது. சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் ஒன்று முதல் உன் ஊரில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கிறோம். சரியாக ஓடினால் ஜனவரியில் எல்லா ஊர்களுக்கும் போகும். ஓடும், எனக்குச் சந்தேகமே இல்லை. படிவத்தில் முப்பத்தைந்தாவது கேள்வி ஏறிவிட்டது. அதை முதல் கேள்வியாக மாற்றப் போராடிக்கொண்டிருக்கிறேன்.

உன் அட்டவணையில் எல்லோர் நேரமும் இருக்கிறது, உன் வீட்டுக்கு நேரே மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். நானே ராத்திரி மணி பத்து பத்து என்று எழுதிவிட்டேன். சரிதானே? நவம்பர் முதல் வாரம் நானும் அத்தானும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று. முதல் நாள் எப்படிப் போயிற்று என்று உடனே எழுது. ஒன்றையும் விடாதே.

அக்கா

---

அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மேசையில் சாய்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பேனா முள் வளையவே இல்லை, அதுவும் பொய்தான். மை கொஞ்சம் கெட்டிப்பட்டிருந்தது, இப்போது இறங்குகிறது.

ஒன்றையும் விடாதே என்றாய். ஆகவே மானத்தை விட்டுச் சொல்கிறேன்.

நேற்று ஐந்தேகாலுக்கு யாரும் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து இருபது ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனேன். பந்து விளையாடும் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்து வைத்திருந்த முகங்கள் ஒன்றுகூடச் சரியில்லை. சட்டையை நானே மாற்றினேன், தலை வாரினேன். மூடி வைத்த சாப்பாட்டை ஏழரைக்குச் சாப்பிட்டேன். பசித்துச் சாப்பிட்டேன்.

எட்டு மணிக்குக் கண்டக்டர் வந்தான். அலமாரிமேலிருந்து பெட்டியை இறக்கி, தூசி தட்டி, காய்களை அடுக்கினான். தையல்காரரும் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார். "ஏழு மாசம் ப்ராக்டிஸ் இல்ல, இன்னிக்கு நீ காலி" என்றான் கண்டக்டர். நான் அவனுடைய யானையை எடுத்தேன். அடுத்து ராணியை மடக்க வழி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் எனக்கு நினைவு இருப்பது, புயல் என் தோளைத் தட்டி, "சார், பத்து பத்து" என்றதுதான்.

ஆம், அக்கா. தூங்கிவிட்டேன். எட்டே முக்காலுக்கே தலை சாய்ந்துவிட்டதாம். நலத்துறையையே புரட்டிப்போட்டு வாங்கிய பத்து மணியை, நாற்காலியில் குறட்டை விட்டுக் கழித்திருக்கிறேன். ஏழு மாதமாக ஐந்தேகாலுக்குப் படுத்த உடம்பு, அதற்கு என்ன தெரியும்? கண்டக்டர் வீட்டுக்குப் போகவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு, பலகையைக் கலைக்காமல், எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எழுப்பியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"எதுக்கு? தூக்கம் வந்தது, தூங்கின" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் நான் அதை இன்னொருமுறை சொல்லிப் பார்த்தேன். மார்ச்சிலிருந்து இத்தனை நாளும் என்னைப் படுக்க வைத்திருக்கிறார்கள், நேற்றுத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

புயல் தூக்கினாள், துடைத்தாள், பத்து இருபத்தொன்பதுக்கு வண்டி கிளம்பிவிட்டது. அட்டவணைப்படி சரியான நேரம். என் கண்ணாடியை அவளிடம் நானே கழற்றிக் கொடுத்தேன்.

நவம்பரில் வாருங்கள். சாயங்காலம் எத்தனை மணி ரயிலானாலும் விழித்திருப்பேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது. நான் தூங்கும்போது என் குதிரை ஒரு கட்டம் நகர்ந்திருக்கிறது. கண்டக்டர் இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். தையல்காரர் யார் பக்கமும் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறார். இன்றைக்கு எட்டு மணிக்கு அதை விசாரிக்க இருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி